கழுவிய மண்

மாட்டுங்காவில் பி.காம். படித்த நஸீராவுக்குத் தோட்டக்கலை வகுப்பும் தலையில் வந்து விழுந்தது. வேறு பாடம் படிப்பவர்களுக்கென்று கல்லூரியில் வாரம் ஒருநாள் நடக்கிற வகுப்பு அது. அவரவர் வீட்டுப் பக்கத்து மண்ணில் ஒரு செம்பருத்திக் குச்சியை வேர்பிடிக்க வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தேர்ச்சி கிடையாது. இன்னொரு வருஷம் படிக்க வேண்டியதுதான். அந்த இன்னொரு வருஷத்தை வாப்பா தரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

தாராவியில் மண்ணுக்கு எங்கே போவது? வாப்பா வேலை பார்க்கும் தோல் கிடங்குக்குப் பின்னால் கறுகறுவென்று கிடந்தது. கொழுத்த மண் என்று டால்டா டப்பா நிறைய அள்ளி வந்தாள். நட்ட வாரமே குச்சி கருகிவிட்டது.

"காலேஜ் பாத்தியிலேர்ந்து அள்ளிண்டு போயேன்," என்றார் வகுப்பெடுக்கிற மகாதேவன் சார். "ஆனா பாதி மார்க்தான். அவாவா மண்ணைப் பழக்கறதுதானே பாடம்?"

பாதி மார்க் தேர்ச்சிக்குக் காணாது.

வீட்டுக்கு வந்து டப்பாவை உற்றுப் பார்த்தாள். விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு! தோல் அழுகாமலிருக்கக் கிடங்கில் கொட்டுகிற உப்பெல்லாம் அந்த மண்ணில்தானே இறங்கியிருக்கும்? அந்த வாடையிலேயே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

சரி, கழுவிவிட வேண்டியதுதான். டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். குழாயடி வரிசையில் நின்று, முறை வந்ததும் குடத்துத் தண்ணீரை மண்ணில் ஊற்றினாள்.

பின்னால் நின்ற பேராச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, மனுசனுக்குக் குடிக்கப் பானி இல்ல, நீ மண்ணக் குளிப்பாட்டுதியோ? சோப்பும் போடேன்!"

"எம் பங்குத் தண்ணிதான்க்கா. இன்னிக்கு நான் குளிக்கல."

"ஓகோ, அந்த வாடைதானா இது?"

வரிசையே சிரித்தது. நஸீரா மறுநாளும் ஊற்றினாள். அதற்கடுத்த நாளும் ஊற்றினாள். அடியில் சொட்டிய நீரை ஒவ்வொரு தடவையும் நக்கிப் பார்த்துத் துப்பினாள்.

"சீ, அதப் போயி வாயில வைக்கியே!" என்று உம்மா சுலைகா தலையிலடித்துக்கொண்டாள்.

கரிப்பு அற்றுப்போன பிறகுதான் புதுக் குச்சியை நட்டாள்.

பரீட்சை நாளில் குச்சி நுனியில் பச்சையாய் ஒரு துளிர். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "குச்சிக்குள்ளே இருக்கிற ஈரத்திலேயே இவ்வளவு துளிர்க்கும்மா. வேர் இருக்குன்னு எப்படி நம்பறது?"

நஸீரா டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினாள். மண் கட்டியாய் மேசைமேல் இறங்கியது. பக்கவாட்டில் நூல் நூலாய் வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் உதறணுமா சார்?"

"வேண்டாம், வேண்டாம், செத்துடும்!" பதறிக்கொண்டே சார் முழு மார்க் போட்டார்.

அதற்குள் அவள் மேசையில் சிந்திய மண்ணைத் துகள் விடாமல் கூட்டி டப்பாவுக்குள் அள்ளிக்கொண்டிருந்தாள்.