நாடிக்கு ஒரு லோடு டெஸ்ட்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, திருடியது. நெய்வேலியில் ஒரு டாக்டர் அறைக்கு வெளியே, பிரஷர் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிகளிலிருந்து காதில் விழுந்தது. எனக்கு முன்னால் அறுநூறு பேர். (ஆறு பேர். ரிட்டயர் ஆனபின் எண்கள் மீது எனக்குப் பழைய மரியாதை இல்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுரங்கத்தின் மேல் சூரியன் இரத்தம் கக்கியபடி—’

வேண்டாம். இதயத்தைப் பற்றிய கதைதான். ஆனால் யாருக்கும் ஒரு சொட்டு இரத்தம் வராது.

2

சிங்காரவேலு சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கிறவர். பெர்மனென்ட். மகள் தமிழ்மொழிக்குப் பத்தொன்பது வயது. இன்ஜினியரிங், கைநிறைய அரியர். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாண்டிச்சேரி வரை போய் வருகிற பெண்.*

அதற்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காத கோளாறு, என்று பெயர் சொன்ன டாக்டரம்மா, மாத்திரை எழுதுமுன் இ.சி.ஜி. எடுத்தார். “குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை உண்டா?”

“எங்க பரம்பரைக்கே எருமை மாதிரி ஹார்ட்டுங்க” என்றார் சிங்காரவேலு.

மாத்திரை நாடித்துடிப்பைக் கொஞ்சம் ஏற்றலாம். வாரம் ஒருமுறை உட்காரவைத்து எண்ணுங்கள். நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

அந்த வாரம் தமிழ்மொழி ஒரு பாடத்தை நடுவில் எழுந்து போகாமல் முழுசாகப் படித்தாள். அம்மா சந்திரகலா ஊருக்கே கேசரி கிண்டினாள். (வீட்டிலிருந்த மூன்று பேருக்கு.)

* பால் பொங்கியது உண்மை. பாண்டிச்சேரி என் கைவரிசை. அவள் போனது பக்கத்து பிளாக் வரைதான்.

3

‘உட்காரவைத்து’ என்பதை மட்டும் சிங்காரவேலு காதில் வாங்கவில்லை.

“காலி பெல்ட்டு எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கும். லோடு ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்.”

ஆகவே மகளைக் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் ஏறி இறங்கவிட்டு, அவள் மூச்சு வாங்க வந்து நின்றதும் மணிக்கட்டைப் பிடித்தார்.

“யம்மாடி! நூத்தி நாப்பது! இந்த மாத்திர புள்ளய கொன்னுடும். டாக்டர்ட்ட சொல்லி நிறுத்திட வேண்டியதுதான்.”

“படி ஏறினா கலெக்டருக்கும் அப்டித்தான்பா அடிக்கும்.”

“கலெக்டர் மாத்திர போடலியே.”

“ஏங்க, உக்கார வச்சுல்ல பாக்கச் சொன்னாங்க?” என்றாள் சந்திரகலா.

“நீ பெல்ட்டுல வேல பாத்திருக்கியா?”

மாத்திரை நின்றால், அடுத்த வாரப் பரீட்சையும் பழைய பரீட்சைகள் போன வழியே போகும். அது தமிழ்மொழிக்கு நன்றாகத் தெரியும்.

4

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். இந்த வயதுப் பெண் இவ்வளவு நேரம் கத்தாமல் இருப்பாளா? கத்தவைத்து ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்ல அப்பா அவளை டாக்டரம்மாவிடம் அழைத்து வந்த அன்று, என் பக்கத்து நாற்காலியில் அவள் செய்தது வேறு.)

“கையக் குடுங்கப்பா. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு பெல்ட்டு வேணும்ல? காலி பெல்ட்டாவே பாத்துடலாம்.”

அரை மணி நேரமாக உட்கார்ந்தே இருந்தவர், பெருமையாக நீட்டினார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுசாக. நர்ஸ் வேறொரு டோக்கனைக் கூப்பிட்டாள், ஒரு குழந்தை அலறியது, யாரோ டிபன்பாக்ஸைக் கீழே போட்டார்கள், அவள் திரும்பவில்லை. (கதையில் நான் மிகைப்படுத்தாத ஒரே இடம் இது.)

நாடி ஓடியது. நின்றது. இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழுந்தன. மறுபடி நின்றது.

நிமிடம் முடிந்தும் கையை விடவில்லை.

“எத்தன நாளாப்பா இப்டி?”

சிங்காரவேலு சுற்றிலும் பார்த்தார். நான் தினசரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“தீவாளிலேருந்து. அப்பப்ப படபடங்கும். ஏணி ஏறினா கண்ணு இருட்டிக்கினு வரும். வெளிய தெரிஞ்சா மைன்ஸுக்குள்ள விடமாட்டானுங்க. ஆபீஸ் ஃபேனுக்கடியில உக்கார வச்சுடுவானுங்க.”

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ) டாக்டரம்மா அப்பாவுக்கும் வைத்தியம் பார்க்க, மகள் எல்லா அரியரையும் முடித்து, சந்திரகலா மறுபடி கேசரி— திகட்டுகிறது.

ஆ) பெல்ட் ஓரத்தில் சிங்காரவேலு சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு—

மாட்டேன். எனக்கு அடுத்த நாற்காலிக்காரர் அவர்.

நடந்தது இவ்வளவே. அப்பா, மகளின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தபடியே சிங்காரவேலு கிசுகிசுத்தார்: “கண்ணு, நீதான் எல்லாத்தையும் மறந்துடுவியே. இதையும் மறந்துடேன்.”

“மாத்திர போட்டிருக்கேன்பா. மறக்காது.”

கதவு சாத்திக்கொண்டது. எவ்வளவு சாய்ந்தும் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து விழுந்ததுதான் மிச்சம்.

டாக்டரம்மா அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டிருப்பார்: குடும்பத்தில் யாருக்காவது? பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். முதலில் வாய் திறந்தது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். படி ஏற வேண்டாம்.