விழாத கறுப்பு

மேஜையில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அது மூலைக் குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. வெள்ளைப் பந்தால் இடித்து அதைக் குழிக்குள் போடுபவருக்கே ஆட்டம். நானும் எதிரணி அக்காவும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தோம். யார் அடித்தாலும் கறுப்பு குழியின் உதட்டில் இடிபட்டு, இரண்டு முறை ஆடி, வெளியே உருண்டு வந்து ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

"இந்த ஆட்டம் முடியறதுக்குள்ள என்னோட இன்னொரு கண்ணுலயும் புரை வந்துடும் போலிருக்கு" என்றார் மாமா.

சிலர் சிரித்தார்கள். முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அச்சகத்துக்கு மேலே முதல் மாடியில் அந்தக் கூடம். வெயில் விழாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பச்சைச் சாயம் பூசியிருந்தார்கள். மேஜைகளுக்கு மேலே தொங்கிய விளக்குகளுக்கு வெளியே இருந்த முகங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போலத் தெரிந்தன.

எங்கள் பூல் போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. புதிதாக வருபவர் இரண்டு. மிக நன்றாக ஆடுபவர் ஏழு. ஏழும் இரண்டும் மோதினால் ஏழு நிறைய ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். இரண்டுக்குக் கொஞ்சம் ஜெயித்தால் போதும். சின்னவர்களும் பெரியவர்களோடு நின்று ஆடட்டும் என்று யாரோ நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. ஜெயித்தால் நம்பர் ஏறும். ஆனால் அணியின் ஐந்து பேருடைய நம்பர்களைக் கூட்டினால் இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது.

எங்கள் அணியில் அண்ணன் ஏழு. மாமா ஆறு. அண்ணி நாலு, அண்ணனின் சிநேகிதர் டெய்லர் நாலு. நான் இரண்டு. கூட்டினால் சரியாக இருபத்துமூன்று.

மாமா அம்மாவின் தம்பி. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை வந்த பிறகு நாலு போலத்தான் ஆடுகிறார். ஆனால் நம்பர் ஏறுகிற வேகத்தில் இறங்குவதில்லை. அத்தை போன பிறகு அவர் சவரம் செய்துகொள்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், இந்த மாடிப்படி ஏறுவதற்காக. நான் மூன்றானால் ஒருவர் வெளியே போக வேண்டும். யார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நீ ரெண்டாவே இரு, குட்டி" என்று அண்ணன் முதல் வருடமே சொல்லிவிட்டான். "அதுல என்ன குறைஞ்சு போச்சு? வீட்டுக்கு ஒரு ரெண்டு வேணும்."

மூன்று வருடம் அப்படியே இருந்தேன். வேண்டுமென்றே தவறவிடுவது சுலபமில்லை. கண்டபடி அடித்தால் நடுவருக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நேராகவே குறி பார்ப்பேன். கியூ என்கிற அடிகோல் பந்தைத் தொடுகிற கணத்தில் வலது மணிக்கட்டை மயிரிழை உள்ளே திருப்புவேன். பந்து உதட்டில் இடிக்கும். பார்ப்பவர்கள் "அடடா" என்பார்கள். நானும் முகத்தைச் சுளிப்பேன்.

நன்றாக ஆடும் ஆசை மட்டும் போகவில்லை. வேலைக்குப் போகும் முன் காலையில் தனியாக வந்து பேயோடு ஆடுவேன். அது ஒரு பயிற்சி. எதிரே ஆள் இல்லை. இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பந்தையும் வரிசையாகக் குழியில் போட்டால் ஜெயித்தது நான். ஒன்று தவறினாலும் பேய் ஜெயித்தது, ஏனென்றால் பேய் தவறவிடாது. அதற்கு நம்பரும் கிடையாது. போன வருடம் முழுக்க நான்தான் ஜெயித்தேன். ஜெயித்த காலைகளில் படியிறங்கும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும்.

இந்த வருடம் பேய் ஜெயிக்க ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கண்ணாடிக் குழாயின் திருகைச் சரியான சொட்டில் மூட வேண்டும். அந்த வாரம் அங்கேயும் ஒரு சொட்டு அதிகமாக விழுந்துகொண்டிருந்தது.

அன்று பருவத்தின் கடைசி நாள். எங்கள் அணி, எதிரணி இரண்டுமே நகரப் போட்டிக்குத் தகுதி பெற்றாகிவிட்டது. மாலையில் எல்லாருடைய நம்பரும் உறுதியாகிவிடும். நானும் எதிரே இருந்தவரும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்திருந்தோம். இந்த மூன்றாவதை ஜெயிப்பவர் மூன்றாகிவிடுவார். இரண்டு அணிக்கும் அது வேண்டாம்.

கூடத்தின் முதலாளிதான் நடுவர். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: "வேணும்னே தோக்கறதைப் பார்த்தேன்னா ஆளை இல்ல, அணியையே அனுப்பிடுவேன். அப்புறம் அண்ணே, தம்பின்னு வந்து நிக்கக் கூடாது."

எதிரே இருந்தவரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. இருபது வருடமாக அவர் இரண்டு. அதனால் ரெண்டக்கா. ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். அவர் கணவர் ஏழாக இருந்தாராம்; அவருக்காகத்தான் இவர் இரண்டாக இருந்தாராம். கணவர் ஆட்டத்தை விட்டுப் பல வருடம் ஆயிற்று. அந்த அணியும் கலைந்துவிட்டது. ரெண்டக்காவை மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு அணி கூப்பிட்டுக்கொண்டது.

கறுப்பு மட்டும் மிஞ்சியதும் முதல் அடி எனக்கு வந்தது. நேராகக் குறி பார்த்தேன். மணிக்கட்டைத் திருப்பினேன். உதட்டில் இடித்தது. ரெண்டக்கா அடித்தார். உதட்டில் இடித்தது. நான் மறுபடி அடித்தேன். அண்ணன் கண்ணாலேயே "சபாஷ்" என்றான்.

கியூவின் நுனி வழுக்காமலிருக்கப் பூசும் நீலச் சாக்கட்டி மேஜை விளிம்பில் இருந்தது. அதை எடுக்க நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் போனோம். ரெண்டக்கா என்னைப் பார்க்காமல், தன் கியூவின் நுனியில் அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மணிக்கட்டா?"

"என்னக்கா?"

"நான் மொதல்ல முழங்கையில பண்ணேன். அப்புறந்தான் மணிக்கட்டு. எத்தனை வருஷமா?"

பொய் சொல்ல வரவில்லை. "மூணு" என்றேன்.

"பேயோட ஆடறியா?"

நான் காலையில் வருவது கூட்டிப் பெருக்குகிறவருக்கு மட்டும்தான் தெரியும். தலையை ஆட்டினேன்.

"இப்பல்லாம் யார் ஜெயிக்கறது?"

நான் சாக்கட்டிக்காகக் கையை நீட்டினேன். அவர் சாக்கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"போட்டுடு. இன்னிக்கே போட்டுடு."

"ஏன், நீங்க போடுங்களேன்."

"நானா?" என்றார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மேஜைக்குத் திரும்பினார்.

எனக்கு மறுபடி முறை வந்தபோது மாமாவைப் பார்த்தேன். சவரம் செய்த கன்னத்தில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது. அப்போது நான் ஒரு முடிவு எடுத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடித்தேன். கறுப்பு உதட்டில் இடித்து வெளியே வந்தது.

அடுத்த முறை கியூவை மாற்றினேன். அண்ணனுடையது, கொஞ்சம் கனமானது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டே அடித்தேன். ஒரு முறை மேஜை சாய்ந்திருக்கிறதோ என்று நடுவரைக் கேட்டேன். அவர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"என்னமா நடிக்கிறே!" என்று அண்ணன் காதருகே வந்து சொன்னான். "மேஜை சாய்வுன்னு கேட்டே பாரு, அதான் உச்சம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அண்ணா."

"பேசாதே, நடுவர் பாக்கறாரு. போ, போ."

அதன் பிறகு கூடத்தில் ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. பக்கத்து மேஜைகளில் ஆடியவர்கள் கியூவைச் சாய்த்துவைத்துவிட்டு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கியூ பந்தைத் தொடும் சத்தம், கறுப்பு உதட்டில் இடிக்கும் சத்தம், அவ்வளவுதான். வெள்ளைப் பந்தும் ஒரே இடத்துக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தது. மேஜைத் துணியில் ஒரு நீலப் புள்ளி, யாரோ எப்போதோ சிந்திய சாக்கட்டிப் பொடி. நான் அடித்தாலும் வெள்ளை அதன் மேல் போய் நின்றது. ரெண்டக்கா அடித்தாலும் அதன் மேல் போய் நின்றது. இரண்டு பேர் அடிக்கிற அடி அப்படி ஒத்துப்போகாது. நான் படித்த படிப்பில் அதற்கு இடமில்லை.

நான் ரெண்டக்காவின் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். தவறவிடப் போகிறவருக்குக் கடைசிக் கணத்தில் கண் தளரும். எனக்கே தெரியும், கண்ணாடி முன் நின்று அதை மறைக்கப் பழகியிருக்கிறேன். அவருக்குத் தளரவில்லை. தாகம் எடுத்தவர் குவளையைப் பார்ப்பதுபோல அவர் அந்தக் குழியைப் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பந்து வெளியே வந்ததும், யாருக்கும் கேட்காத குரலில், "சே" என்றார்.

பிறகு நிமிர்ந்து நின்றார். கியூ இடது கையில் இருந்தது. வலது கை சும்மா தொங்கியது. சும்மாவும் இல்லை. மணிக்கட்டு மட்டும் மெல்ல உள்ளே திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது. ஒழுகும் குழாயை இறுக்குவதுபோல. அது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

என் வலது கையை நான் இடது கக்கத்துக்குள் கொடுத்து அழுத்திக்கொண்டேன். குனிந்து அதைப் பார்க்கவில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் ரெண்டக்கா அடித்த பந்து வெளியே வரவில்லை. உள்ளேயும் போகவில்லை. குழியின் உதட்டிலேயே நின்றுவிட்டது. பாதி துணியில், பாதி அந்தரத்தில். மேஜையை யாராவது இடித்தால் விழுந்துவிடும். வெள்ளை அதற்கு நேரே நீலப் புள்ளியின் மேல் நின்றது. குழந்தையைத் தூக்கி நிறுத்திக் கியூவைக் கொடுத்தாலும் அது போட்டுவிடும்.

இதைத் தவறவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்து குழிக்குப் பின்னால் வந்து நின்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். வாயசைத்தான்: போட்டுத் தொலை.

மாமா எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். அவருக்குப் பந்து தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

"போடு பாப்பா" என்றார். "மூணாகணும்னா ஆகிக்கோ. எனக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது மத்தியானம் தூங்கணும்னு ஆசை இருக்காதா?"

"மாமா..."

"எல்லாம் எனக்குத் தெரியும். புரை கண்ணுலதான். போடு."

இப்போது அந்தக் கூடத்தில் யாருக்கும் நான் தோற்க வேண்டியதில்லை. குனிந்தேன். இடது கையை ஊன்றி விரல்களை விரித்தேன். கியூவை நான்கு முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். வெள்ளை, கறுப்பு, குழி, மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன.

அடித்தேன்.

வெள்ளை, கறுப்பை உரசாமல் ஒரு மயிரிழை தள்ளிப் போனது. ஓரத்தில் மோதியது, குறுக்கே போய் எதிர் ஓரத்தில் மோதியது, மெதுவாகத் திரும்பி வந்து நீலப் புள்ளியின் மேல் நின்றது. கறுப்பு அந்தரத்தில் பாதியாக அப்படியே இருந்தது.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. ரெண்டக்கா மேஜையைப் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் மேஜையைச் சுற்றி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நான் என்ன கண்ணு தெரியாதவனா? சொல்லு. வேணும்னே விட்டியா இல்லையா?"

"அண்ணே, அவ சின்னப் பொண்ணு, பயந்து கை நடுங்கி..." என்று அண்ணன் நடுவே வந்தான்.

"உன்னைக் கேக்கலை. அதைக் கேக்கறேன்."

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. படிக்கிற காலத்தில் வகுப்பில் பதில் தெரிந்தால்கூடக் கை தூக்கியதில்லை. இப்போது இதைச் சொன்னால் அணி போய்விடும், மாமாவும் சேர்ந்துதான். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் நான்தான் குனிய வேண்டும். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடிக்குள்ளே அது திரும்பியது.

"மொத ரெண்டு தடவை மட்டும்தான் வேணும்னே விட்டேன்" என்றேன். "அதுக்கப்புறம் அடிச்சது ஒவ்வொண்ணும் போடறதுக்காகத்தான் அடிச்சேன்."