மேனேஜருக்குப் படித்துக் காட்டிய பலகைகள்

சிற்பக்கலை என்பது மனித குலம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளக் கண்டுபிடித்தவற்றிலேயே மிகக் கனமானது. அதைவிடப் பெரிய ஏமாற்று, நாய்க்குப் பேச்சு புரியும் என்ற நம்பிக்கை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி இந்த இரண்டையும் சிற்பப் பூங்காவின் வாசலில், சீட்டு கிழிப்பவரிடம், ஒரே மூச்சில் அறிவித்தான்.

அவர் சீட்டைக் கிழித்தார். "நாய்க்குச் சீட்டு வேணாம்" என்றார்.

நாய் அக்காவுடையது. போட்ட இடத்தில் உட்கார்ந்து, யார் வந்தாலும் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்க்கும் சுபாவத்தால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அக்கா ஒரு லேபில் செயற்கைப் பல் செய்பவள். மூன்று வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அதை இங்கே கூட்டி வருகிறாள்.

"நாளன்னிக்கு எனக்கு ஃப்ளைட்டு" என்றாள். "ரெண்டு வருஷம். இன்னிக்கு உன்கூட ஒரு சுத்து வந்துட்டான்னா உன்கிட்டயே இருக்கட்டும். வரலைன்னா எங்க லேப் அம்மாவுக்கு போன் போட்டுடறேன். அவங்க ஊர்ல தோட்டம் இருக்கு, கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"எனக்கென்ன? எங்க இருந்தா என்ன?" என்றான் தம்பி. காலையிலேயே மேனேஜரின் பாயை எடுத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு வந்ததை அவன் சொல்லவில்லை.

முதல் சிலைக்கு மட்டும் அக்கா கூட வந்தாள். மேனேஜர் போய் அதன் விவரப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தது. அக்கா உரக்கப் படித்தாள்: "காத்திருப்பவள். வெண்கலம். செய்தவரின் நன்கொடை. தொடாதீர்கள்." மேனேஜர் எழுந்தது.

"அடடா! இதுக்குப் பரீட்சை எப்பக்கா?"

"தனியா நின்னு சத்தமாப் படிச்சா லூசும்பாங்கடா. நாய்க்குப் படிச்சா, ரசனையுள்ள பொண்ணும்பாங்க."

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல."

அக்கா கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டாவது, இரும்பில் ஒரு சக்கரம். மேனேஜர் உட்கார்ந்தது. "வாடா" என்றான். கயிற்றை இழுத்தான். நான்கு காலையும் சிமெண்டில் பதித்தது போல் அசையவில்லை. பிஸ்கட்டை நீட்டினான். மேனேஜர் பிஸ்கட்டைத் தின்றது, கோரிக்கையைப் பரிசீலிக்கவில்லை.

பெஞ்சில் அக்கா போனைக் கையில் எடுப்பது தெரிந்தது. தம்பி அவசரமாகப் பலகைப் பக்கம் திரும்பினான். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்கு விடை சொல்வதுபோல உதடு அசையாமல் முணுமுணுத்தான்: "சக்கரமும் காற்றும். இரும்பு. ஊர் மக்களுக்காக."

மேனேஜர் எழவில்லை. இன்னொரு முறை படித்தான். எழவில்லை. "இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்று குனிந்து பார்த்தபோதுதான், அடியில் பொடி எழுத்தில் இருந்த கடைசி வரியை விட்டுவிட்டது தெரிந்தது. அது சிலையில் ஏறி போட்டோ எடுப்பவர்களுக்காக எழுதியது என்று நினைத்துத் தாண்டியிருந்தான்.

"தொடாதீர்கள்."

மேனேஜர் எழுந்து, தாமதத்தைப் பெரிதுபடுத்தாமல், மூன்றாவது சிலைக்கு நடந்தது.

நான்காவதில் ஒரு ஜோடி நின்று சிரித்தது. "ஏய், நாய்க்குப் படிச்சுக் காட்டறான் பாரு." தம்பியின் காது சிவந்தது. கயிற்றை விடவில்லை. மிச்சத்தைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தான். ஆறாவது வந்தபோது அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

கடைசிச் சிலை மரத்தடியில் இருந்தது. இரண்டு முரட்டுக் கற்கள், ஒன்று பெரிது; நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. எதிரே நட்டிருந்த கம்பத்தில் பலகை இல்லை; நாலு ஆணித் துளைகள்தான் இருந்தன. மேனேஜர் துளைகளுக்கு எதிரே உட்கார்ந்து அவனை நிமிர்ந்து பார்த்தது.

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். அக்காவுக்கு இங்கே பேசுவது கேட்காது. மெல்லக் குந்தினான்.

"அக்கா வர்ற வரைக்கும்" என்றான். "ரெண்டு கல்லு. ஒண்ணு கொஞ்சம் வாயாடி. இன்னொண்ணு எதுக்கும் அசையாது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "தொடாதீர்கள்."

மேனேஜர் எழவில்லை. அவன் முழங்காலில் முழு பாரத்தையும் சாய்த்துக்கொண்டது. அவனும் அவசரப்படுத்தவில்லை. பெரிய கல் எப்படி இங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று, தாழ்ந்த குரலில், மேனேஜருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினான்.