பதினாலாம் நம்பருக்கு ஒரு டிக்

அந்த நடனப் பள்ளியின் கலை இயக்குநருக்கு ‘வெளி’ என்ற சொல்லின் மேல் தீராத காதல். உடல் வெளியோடு உரையாடும், வெளி உடலைக் கேள்வி கேட்கும். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று யாராவது போய் நின்றால், அது வெளியின் கண்ணீர் என்று சொல்லிவிட்டு, பிளம்பரைக் கூப்பிட மறந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை வெளியார் என்றார்கள். பதினொரு வருஷமாக அவர் அந்தத் தரையில் ஒரு அடிகூட ஆடியதில்லை. ஆகவே பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது.

பள்ளி டயர் கடைக்கு மேலே, நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் செருப்பு அலமாரி. சனிக்கிழமை காலை பத்து மணி வகுப்புக்கு அந்த வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். நர்ஸ் வருவாள், பல் டாக்டர் வருவார், ஓய்வு பெற்ற பளுதூக்கும் வீரர் வருவார், பேக்கரியில் மாவு பிசைகிற அண்ணன் தம்பி இருவரும் கை கழுவாமல் வருவார்கள். பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய ஜனங்கள். டீச்சர் எட்டு வரை எண்ண, அவரவர் அவரவர் மொழியில் உதட்டுக்குள் எண்ணிக்கொள்வார்கள். வெளியே நின்று கேட்டால் கூடத்துக்குள் ஏதோ கொதிப்பது போலிருக்கும்.

நகராட்சி கூடத்தைச் சும்மா கொடுத்திருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை வகுப்பில் இருபது பேராவது ஆட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடம் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போய்விடும்.

இருபதைக் காப்பாற்றுகிற பொறுப்பு ரெஜிஸ்டர் அக்காவுடையது. வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டு டிக் போடுவது அவள் வேலை. இருபது குறையும் வாரங்களில் வராதவர்களுக்கும் ஒரு டிக் விழும். முதுகுக்குப் பின்னால் பதினொரு வருஷப் பதிவேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரி.

இந்த வருஷப் பதிவேட்டில் பதினாலாம் நம்பர் பஸ்ஸக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எல்லோரும் வலது பக்கம் சுழன்றால் அவள் இடது பக்கம் சுழன்று நர்ஸை இடிப்பாள். “ஐயோ, ரிவர்ஸ்ல வந்துட்டேன்” என்பாள். எண்ணும்போது ஏழு வந்ததும் மூச்சு வாங்கும். எட்டுக்குப் பதில் ‘அம்மாடி’ என்று முடிப்பாள்.

அவள் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள்.

“பாவம்” என்றார் வெளியார். கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நின்றார். கண்ணைத் திறந்ததும், “புது ஆள் வர்ற வரைக்கும் டிக் போட்டுக்கிட்டே இரும்மா. கலையில யாரும் ஆப்சென்ட் ஆகறதில்ல” என்றார்.

ரெஜிஸ்டர் அக்கா போட்டாள். முதல் வாரம் கை கொஞ்சம் கூசியது. இரண்டாவது வாரம் கூசவில்லை.

மூன்றாவது வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சேர வந்தாள். பஸ்ஸக்காவைப் பார்த்ததே இல்லாதவள். பாதி வகுப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்னம்மா, பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்குக்கா. காலி இடம்னு என்னை நிக்கச் சொன்னீங்க. அங்கதான் ஏற்கெனவே ஆள் நிக்கிறாங்களே.”

அன்றைக்குத்தான் ரெஜிஸ்டர் அக்கா எழுந்து போய்க் கூடத்தைச் சரியாகப் பார்த்தாள். நான்கு வரிசை. மூன்றாம் வரிசையில் நர்ஸுக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. வரிசை முன்னே போனால் இடைவெளியும் போனது. பின்னே வந்தால் அதுவும் வந்தது. எல்லோரும் வலது பக்கம் சுழன்றபோது நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லக்கா” என்று காற்றிடம் சொன்னாள். சொன்ன பிறகு முகம் வெளுத்தது.

எண்ணிக்கை முணுமுணுப்பில் ஏழுக்குப் பிறகு மெதுவாக ஒரு குரல்: “அம்மாடி.”

வெளியாரிடம் சொன்னார்கள். அவர் கைகட்டி நின்று அந்த இடைவெளியை வெகுநேரம் ரசித்தார்.

“இதைத்தான் நான் பதினொரு வருஷமா உங்ககிட்ட கேட்டேன். வெற்றுவெளியே ஆடுது பாருங்க! ஆண்டு விழாவுல இது என் படைப்பா இருக்கும்.”

அதே உற்சாகத்தில் விழாவுக்கு முழு வருகைச் சான்றிதழ்களும் தயாராயின. பட்டியல் பதிவேட்டிலிருந்து போனது. பதினாலாம் நம்பர் பஸ்ஸக்கா வீட்டுக்கும் அழைப்பு போனது.

ஒன்பதாவது சனிக்கிழமை, வகுப்புக்கு அரை மணி முன்பாக, அந்த அழைப்பைக் கையில் பிடித்தபடி பஸ்ஸக்காவின் புருஷன் படியேறி வந்தார். சலவைக் கடைக்காரர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி போலிருந்தது. இன்னொரு கையில் ஒரு துணிப்பை.

“இதை யாரும்மா அனுப்பினது?”

ரெஜிஸ்டர் அக்கா அழைப்பை எட்டிப் பார்த்தாள். “தப்பா வந்துடுச்சு அண்ணே.”

“தப்புன்னா எனக்கு நிம்மதி.” அவர் பையிலிருந்து பஸ்ஸக்காவின் ஆடும் உடுப்பை எடுத்து மேஜையில் வைத்தார். நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. “துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு பீரோல வெச்சேன். சனிக்கிழமை மத்தியானம் எடுத்துப் பாத்தா நனைஞ்சிருக்கு. மறுபடி துவைச்சேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். எட்டு தடவை, தங்கச்சி. கூரை ஒழுகுதோன்னு பாத்தேன். ஒழுகல. முப்பது வருஷமா ஊரார் துணி துவைக்கிறேன், வேர்வை எது தண்ணி எதுன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் நீலச் சட்டையின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“கடைசியா அவ என்ன சொன்னா தெரியுமா? ‘கொஞ்ச நேரம் படுத்துக்கறேங்க, யாரும் எழுப்பாதீங்க’ன்னா. அவ்வளவுதான் கேட்டா. நீங்க யாராச்சும் அவளை எழுப்பறீங்களா?”

பதிவேடு இருவருக்கும் நடுவே திறந்து கிடந்தது. பதினாலாம் நம்பருக்கு எதிரே எட்டு டிக். அவர் எண்ணுவதற்குள் ரெஜிஸ்டர் அக்கா உள்ளங்கையால் மூடினாள். ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

“இன்னைக்கோட முடிஞ்சிடும் அண்ணே” என்றாள்.

அவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கென்று பார்த்துத் தலை எண்ண நகராட்சி அதிகாரி வந்தார். ஆள் ஒல்லி. கையில் கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறுகிற சின்னக் கருவி. வெளியார் அவருக்கு வெளியைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கினார். அவர், “அப்படியா, ஃபேன் வேலை செய்யுதா?” என்று கேட்டார்.

டீச்சர் எண்ணத் தொடங்கினாள். அதிகாரி வரிசை வரிசையாக அமுக்கினார். க்ளிக், க்ளிக். மூன்றாம் வரிசையில் நர்ஸ், க்ளிக். அடுத்து இடைவெளி.

க்ளிக்.

“இருபது” என்றார் அதிகாரி. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார். “இருபதேதான். நீலச் சட்டை அம்மா மட்டும் ரொம்பக் களைச்சிருக்காங்க. உக்காரச் சொல்லுங்க.”

வெளியாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. பத்தொன்பது பேர்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, ரெஜிஸ்டர் அக்காவின் காதில், “போடும்மா, அவரே பாத்துட்டாரு. டிக் போடு” என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். போட்டால் கூடம் தங்கும், அவள் வேலை தங்கும், பத்தொன்பது பேரின் சனிக்கிழமை தங்கும். பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது, அரசாங்கமே எண்ணிவிட்டது. கூடத்திலிருந்து சத்தம் வந்தது. “ஏழு... அம்மாடி.” இந்த முறை அது எண்ணுகிற குரலாக இல்லை. படி ஏறி ஏறி இனி முடியாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளின் குரலாக இருந்தது.

பதினாலாம் நம்பருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினாள். பழைய எட்டு டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், ‘இனி வரமாட்டார்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கூடத்தில் பல் டாக்டர், யாரும் சொல்லாமலே, நர்ஸ் பக்கம் ஓரடி நகர்ந்தார். இடைவெளி மூடிக்கொண்டது.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். “இதுல பத்தொன்பதுன்னு இருக்கே?” மறுபடி அமுக்கினார். க்ளிக், க்ளிக். கருவியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “பத்தொன்பதுதான். கண்ணு டாக்டர்கிட்ட போகணும்போல.”

“சார்,” என்று ரெஜிஸ்டர் அக்கா வெளியாரைப் பார்த்தாள், “நீங்க ஆட இறங்குங்க.”

“நானா? நான் கருத்தாக்கம்மா. நான் ஆடறவன் இல்ல.”

“இன்னும் பத்து நிமிஷத்துல கூடம் ஜிம்முக்குப் போயிடும் சார்.”

வெளியார் காலணியைக் கழற்றினார். இடது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியை எட்டிப் பார்த்தது. கடைசி வரிசை ஓரத்தில் போய் நின்று, கதவு தட்டுகிறவர் போல இரண்டு கையையும் ஆட்டினார். பேக்கரித் தம்பி சிரித்து விழுந்தான்.

“கடைசி ஆளு சுமார்தான்” என்றார் அதிகாரி. க்ளிக். “ஆனா ஆளு ஆளுதானே.” கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் சலவைக் கடையிலிருந்து போன் வந்தது. 

“காஞ்சிருக்கு தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடிக் கடைப் பெண் தானாகத் திரும்பி வந்து மூன்றாம் வரிசையில் நின்றாள். இப்போது இடம் இருக்கிறது என்றாள். ரெஜிஸ்டர் அக்கா பழக்கதோஷத்தில், புதிதாகச் சேர்த்த வெளியாரின் பெயர் உட்பட எல்லாப் பெயருக்கும் கடகடவென்று டிக் போட்டு முடித்த பிறகு, பத்தேகாலுக்கு, வெளியார் போனில் கூப்பிட்டார்.

“முட்டி வீங்கிடுச்சும்மா. வீட்ல படுத்திருக்கேன். என் பேருக்குச் சும்மா ஒரு டிக் போட்டுடு.”

அவள் கூடத்தைப் பார்த்தாள். கடைசி வரிசை ஓரத்தில் பளுதூக்கும் வீரர் எதற்கோ வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

“சார், இப்ப என்ன பண்றீங்க?”

“படுத்திருக்கேன்னு சொன்னேனே.” மூச்சு வாங்கியது. “ஆனா காலு... ரெண்டு காலும் தானா ஆடுதும்மா. போர்வை கீழ விழுந்துடுச்சு. நிறுத்த முடியல.”

கூடத்தில் டீச்சர் ஐந்து, ஆறு என்றாள். போனுக்குள் கட்டில் அதே தாளத்துக்குக் கிரீச்சிட்டது.

ரெஜிஸ்டர் அக்கா அவர் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை அழுத்திக் கோடு போட்டு அடித்தாள்.

“நின்னுடுச்சு!” என்றார் வெளியார். அழுதுவிடுவார் போலிருந்தது. “என்னம்மா பண்ணே?”

“ஆப்சென்ட் போட்டேன் சார். நல்லா படுங்க.”

போனை வைத்தபோது கண்ணாடிக் கடைப் பெண் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். கூடத்தின் பின்சுவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“அக்கா, கடைசி வரிசைக்குப் பின்னாடி சுவத்தோரமா ஆடிக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்கெல்லாம் கிளாஸ் எப்ப முடியும்?”

ரெஜிஸ்டர் அக்கா பின்சுவரைப் பார்க்கவில்லை. நாற்காலியை இரும்பு அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டாள். முதல் வருஷத்துப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.