நாற்பத்தொரு கோடுகள்

எடுத்தாச்சுன்னு சொன்னேனே. கேட்டப்ப எல்லாம் சொன்னேனே. அப்போ அத்தனையும் பொய்யா?

கடையின் பின்னறையில், சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே ட்ரைபாடில் நின்ற கேமராவைப் பார்த்தபடி அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். கேள்வி புதிதல்ல. ஒன்பது நாளாக இதே நாற்காலி, இதே கடிகாரம், இதே கேள்வி.

பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் விட வேண்டும். அது தானாகத் தூங்கிப்போகும். பிறகு பொத்தானை லேசாகத் தொட்டு எழுப்பிக் கடிகாரத்தை ஐந்து படம் எடுக்க வேண்டும். நோட்டில் பென்சிலால் ஐந்து கோடு. மறுபடி தூங்கவிட வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை, அப்புறம் கடை சாத்தும் வரை.

"இன்னும் கடிகாரத்தையா எடுத்துட்டிருக்க?" அத்தான் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "விட்டா அது வெக்கப்பட்டு நின்னுடப் போகுது."

"நின்னா எழுதி வச்சுக்கறேன்."

"எழுதுவ, எழுதுவ. நிலாவைக் கையில கொடுத்தாலும் அதுல கறை இருக்குன்னு எழுதற ஆளாச்சே, நொட்டையம்மா."

அவள் அக்காவின் கணவர் அவர். கடை அவருடையது. முன்னால் அவர் விற்பார், அக்கா நடுவில் உட்கார்ந்து பார்சல் கட்டுவாள், பின்னறையில் இவள் பொருள்களைச் சோதிப்பாள். நொட்டை சொல்வதுதான் வேலை என்பதால் அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கோபம் கிடையாது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது மாடல் வந்தாலும் முதல் பெட்டி அவள் கைக்கு வரும். மூன்று மாதம் அதை மழையிலும் வெயிலிலும் பேருந்து நெரிசலிலும் புழங்கிப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் மஞ்சள் அட்டை. உள்ளங்கை அளவு அட்டையில் நல்லது நாலு வரி, கெட்டது நாலு வரி எழுதியிருக்கும். அடியில் 'மூன்று மாதம் புழங்கினோம், நம்பலாம்' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே அவள் கையெழுத்து. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டை வைப்பார்கள். கடையைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த அட்டைக்காகவே வந்தார்கள்.

உள்ளே அசையும் கண்ணாடி இல்லாத இந்த மிரர்லெஸ் கேமராவைப் பற்றி அவள் நோட்டில் ஏற்கெனவே நிறைய இருந்தது. பேட்டரி, கம்பெனி சொன்னதைவிட எண்பது படம் குறைவாகத் தாங்குகிறது. பிடியின் ரப்பர் ஐந்தாம் வாரமே ஓரத்தில் தூக்கிக்கொண்டது. அரை மணி நேரம் வீடியோ எடுத்தால் உடம்பு கொதிக்கிறது. கார்டு ஒன்றுதான் போட முடியும். ஆனால் முகத்தைக் கண்டுபிடித்துக் கண்ணில் போய் நிற்கும் வேகம் அபாரம். சத்தமில்லாமல் எடுக்கும் வசதியில் ஈ பறக்கும் ஓசைகூட இல்லை.

அந்தக் கடைசி வரியை எழுதியது ஆஸ்பத்திரி வாசலில்.

அப்பாவைப் பார்க்க மூன்றிலிருந்து நான்கு மணி வரைதான் விடுவார்கள். அன்று வீட்டு அலமாரியில் அவளுடைய சொந்தப் பழைய கேமரா இருந்தது. தாழ்ப்பாள் போடுகிற மாதிரி சத்தம் போடும், ஆனால் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அதை எடுக்காமல் இதைத் தூக்கிக்கொண்டு போனாள். மங்கலான வெளிச்சத்தில் இது எப்படி எடுக்கிறது என்ற பக்கம் நோட்டில் காலியாக இருந்தது. அப்பாவின் அறையில் மங்கலான வெளிச்சம் இருந்தது. அவ்வளவுதான் அவள் அப்போது யோசித்தது.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். கேமராவுக்குள் இருக்கும் சின்னத் திரையில், பாதி மூடிய அவர் கண்மேல் பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது.

"எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சுப்பா."

"சத்தமே வரலையே."

"இது சத்தம் போடாதுப்பா. புதுசு."

"சத்தம் போடாம வேலை நடக்குமா என்ன? உங்கக்காவைக் கேட்டுப்பாரு, சொல்லுவா."

அவள் சிரித்தாள். அவர் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தைக் குழித்துக் காட்டினார். "இப்ப எடு. யாருடி இந்தக் கிழவன்னு உங்கக்கா கேக்கணும்." எடுத்தாள். "எடுத்துட்டியா?" "எடுத்தாச்சுப்பா." ஜன்னல் பக்கம் திரும்பினார். எடுத்தாள். நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வார். அவள் கேமராவை மடியில் வைத்துக் காத்திருப்பாள். அதுவும் தூங்கிப்போகும். அவர் விழித்ததும் இதையும் எழுப்புவாள். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு கோடு. மொத்தம் நாற்பத்தொன்று.

ஒரு தடவைகூட எடுத்த படத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பேட்டரி எத்தனை படம் தாங்கும் என்று எண்ணும்போது பார்க்கக் கூடாது. திரை எரிந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் எடுத்தவுடன் படத்தைக் காட்டும் வசதியையே அணைத்துவைப்பாள். பல்லில்லாமல் அவர் சிரித்த அந்தப் படத்தை மட்டுமாவது பார்க்க வேண்டும்போல் இருந்தது. விரல் பொத்தான் வரை போய்த் திரும்பியது. வேறு எந்த மகளும் அங்கே கையைப் பின்னுக்கு இழுத்திருக்க மாட்டாள்.

நான்காம் நாள் அப்பா இறந்துபோனார்.

வீடு அடங்கிய பிறகு கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது படம், ஆஸ்பத்திரி வாசலில் உள்ள பெயர்ப்பலகை. பத்தொன்பதாவது படம், அன்று வெளியே வந்து எடுத்த, மழையில் நனையும் வண்டிகள். நடுவில் ஓர் எண்கூடத் தவறவில்லை. இங்கே ஏதோ இருந்தது என்று காட்ட ஓர் ஓட்டையாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. அந்த மத்தியானமே நடக்காத மாதிரி இருந்தது.

"நம்பர் பொய் சொல்லாதும்மா," என்றார் அத்தான், இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தபோது. "நீ அழுத்தியிருக்க மாட்ட. அந்த நேரத்துல உனக்கு எங்க நினைவு இருந்திருக்கும்?"

"நோட்டுல கோடு இருக்கே அத்தான்."

"கோடு பென்சில்ல போடறது. படம் கேமரால எடுக்கறது."

அக்கா அன்று ராத்திரி அவள் தலையைத் தடவினாள். "நீ எடுக்கலைன்னாலும் பரவாயில்லடி. யாருக்குத்தான் கை வரும்? நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளாக ஆகச் செய்யாத தப்புதானா என்பதே சந்தேகமாகிப்போனது. பழைய கேமராவாக இருந்தால் அந்தச் சத்தம் காதில் நின்றிருக்கும், அதிர்வு விரலில் நின்றிருக்கும். இதில் அழுத்தியதற்கும் அழுத்தாததற்கும் விரலுக்கு ஒரே நினைவுதான். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா கோடு கோடாகப் போட்டிருப்பேனோ? எடுத்தாச்சுப்பா என்று வாய் மட்டும் சொல்லியிருக்குமோ?

அதனால்தான் கடிகாரம். கடிகாரம் தன் படத்திலேயே நேரத்தைச் சொல்லிவிடும்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு முன் கார்டை எடுத்துப் பார்த்தாள். பதினொன்று இருபதுக்கு ஐந்து படம். அடுத்த படத்தில் முட்கள் பன்னிரண்டு பத்தைக் காட்டின. நடுவில் இருபது கோடுகள் நோட்டில் இருந்தன, கார்டில் இல்லை. எண்கள் மட்டும் கைகோத்துக்கொண்டு வரிசையாக நின்றன. பன்னிரண்டு ஐந்துக்குத்தான் அவள் பேட்டரி மாற்றக் கேமராவை அணைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். எப்போதோ ஒரு தடவை இது தூக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. கார்டைக் கண்டுகொள்ளாமலே எழுகிறது. பச்சைக் கட்டம் வருகிறது, மீதி எண்ணிக்கை குறைகிறது, எல்லாம் எடுப்பது போலவே நடக்கிறது. படங்கள் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அணைத்தால் போய்விடுகின்றன.

எடுத்தேன்பா, என்று நினைத்தாள். நான் எடுத்தேன்பா.

அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இத்தனை நாள் அந்தப் படங்கள் இல்லவே இல்லை என்று இருந்தது. இப்போதோ அவை இருந்திருக்கின்றன. பல் கழற்றிய சிரிப்பும், ஜன்னல் பக்கம் திரும்பிய முகமும், நாற்பத்தொன்றும் முழுசாக இருந்திருக்கின்றன. அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து, லிஃப்டில் இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்று, வண்டிகளை எடுக்கும் முன், பேட்டரி மிச்சமாகட்டும் என்று தன் கட்டைவிரலாலேயே அணைத்தாள். ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் கார்டு இல்லை என்று திரையே சொல்லியிருக்கும்.

நோட்டையும் கணினியையும் அத்தானிடம் காட்டினாள். அவர் கடிகாரப் படங்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிம்மா. உனக்கு மட்டும் இல்ல. அங்கங்க நாலஞ்சு பேருக்கு இப்படி ஆகியிருக்காம்."

"யார் சொன்னா?"

"கம்பெனிக்காரன்தான். போன்ல."

"எப்போ?"

அவர் கண்ணாடி துடைக்கத் துணி தேடினார். துணி சட்டைப்பையிலேயே இருந்தது. "அப்பா போன மறு வாரம்."

நடு அறையில் அக்கா பார்சலுக்கு டேப் இழுக்கும் சத்தம் பாதியில் நின்றது.

"அதுக்கப்புறம்தானே நம்பர் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க?"

"உன் மனசைக் கிளற வேணாமேன்னு பார்த்தேன். தெரிஞ்சிருந்தா படம் திரும்பி வந்திருக்குமா, சொல்லு? கம்பெனிக்காரனும் வெளிய பேசாதீங்க, அப்டேட் ரெடியாகுதுன்னான். இருபத்தஞ்சு பெட்டி அடுக்கி வச்சிருக்கேன்..." அக்காவின் பக்கமிருந்து டேப் சத்தம் மறுபடி கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை அப்டேட் வந்தது. அதன் குறிப்பில் ஒரே ஒரு வரி. 'செயல்பாட்டு நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது.' எது கெட்டிருந்தது, எது மேம்பட்டது என்று ஒரு சொல் இல்லை. அத்தானே உட்கார்ந்து அதைப் போட்டார். அவள் மறுபடி கடிகாரத்தின் முன் உட்கார்ந்தாள். வெள்ளி தவறவில்லை. சனி காலையும் தவறவில்லை.

"பார்த்தியா, சரியாயிடுச்சு," என்றார் அத்தான்.

"போன தடவை ஒன்பது நாள் ஆச்சு அத்தான், ஒரு தடவை மாட்ட. ரெண்டு நாள்ல என்ன தெரியும்?"

"ஒரு கேமராவுக்கு ஆயுசு பூரா காவல் இருக்க முடியுமாம்மா?"

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, இந்தக் கேமராவைக் கேட்டு முதல் ஆளாக ஒரு நர்ஸ் வந்தாள். குறைமாசக் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள். ராத்திரி டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. ஆனாலும் இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அந்தக் கையெழுத்து? போன வாட்டி உங்க அட்டையைப் பார்த்துத்தான் ஃபிளாஷ் வாங்கினேன். ஒண்ணரை வருஷத்துல பேட்டரி மூடி கழண்டுடும்னு எழுதியிருந்தீங்க. சொல்லி வச்ச மாதிரி கழண்டுச்சு."

அத்தான் பெருமையாகச் சிரித்தார். "எங்க நொட்டையம்மா கண்ணுல எதுவும் தப்பாது."

"இப்ப இருக்கற கேமரா சத்தம் போடுதுங்க," என்றாள் நர்ஸ். "ஒவ்வொரு க்ளிக்குக்கும் அந்தப் பிஞ்சுங்க தூக்கிவாரிப் போட்டு உதறுதுங்க. பார்க்க முடியல. அதான் இதுக்குக் காத்திருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சில குழந்தைங்க ரெண்டு நாள்தான் இருக்கும். அந்த அம்மாக்கள் கையில கொடுத்தனுப்ப வேற ஒண்ணும் இருக்காது. படம் மட்டும்தான்."

அக்கா கத்தரிக்கோலை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெட்டியைக் கீழே இறக்கினார். மஞ்சள் அட்டைக் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, பேனாவின் மூடியைத் திறந்து, இரண்டையும் அவள் முன் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுக் கொடும்மா. அப்படியே வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிடு. அவங்களுக்கும் நிம்மதி."

"ஆமாங்க," என்றாள் நர்ஸ். "நீங்க சொன்னா போதும். நம்பி எடுத்துட்டுப் போகலாம்ல?"

அவள் அட்டையை எடுத்தாள். நல்லது நாலு வரி அவள் எழுதியதுதான். சத்தமில்லாமல் எடுக்கும் வசதி பற்றிய வரி முதலில் இருந்தது. கெட்டதில் மூன்று வரிதான் இருந்தது. பேட்டரி, ரப்பர், சூடு. படம் தொலைகிற விஷயம் இல்லை. நாலாவது வரிக்கான இடத்தை விடாமல் நெருக்கி அச்சடித்திருந்தார்கள். கீழே, மூன்று மாதம் புழங்கினோம், நம்பலாம்.

சத்தமே வரலையே என்றார் அப்பா. எடுத்தாச்சுப்பா என்று தெரியாமல் சொன்னாள். தெரியாமல் சொன்னதற்கே இவ்வளவு.

அட்டையை அத்தான் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன் அத்தான்," என்றாள். குரல் உயரவில்லை. பிறகு நர்ஸைப் பார்த்தாள். "உக்காருங்க. ஏன்னு சொல்றேன்."

பேனாவை எடுத்து மூடினாள். டக்கென்று சத்தம் கேட்டது.