பாசுர டீச்சர் போட்ட கமெண்ட்

இது அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு நடந்ததா, தேர்வு நடந்துகொண்டிருந்தபோது நடந்ததா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. நம்பியைக் கேட்டால் முன்பு என்பார். அவர் மனைவி கோதைநாயகியைக் கேட்டால் தேர்வின்போதுதான், அதனால்தான் தனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்பாள். தேதியில்தான் தகராறு, நடந்தது என்ன என்பதில் இருவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அதை நம்பிச் சொல்கிறேன்.

நம்பிக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்தில், ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில். நூலை மெஷினில் ஓடவிட்டு, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே சின்ன உருண்டையாகத் திரண்டு நிற்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பதினாறு வருடம் இதையே பார்த்த கண் வேறு எதையும் அப்படித்தான் பார்க்கும். ஒரு கல்யாண வீட்டில் இடியாப்பத்தை விரலால் தூக்கிப் பிடித்து, "இந்த இடத்துல மெலிசு" என்று சொன்னாராம். கேட்டால் மறுக்க மாட்டார். இடியாப்பம் மெலிசாகத்தான் இருந்தது என்பார்.

நம்பியின் மகன் த்ருவ் ஐந்தாம் வகுப்பு. அதே வகுப்பில் படிக்கும் நௌஷீனின் அம்மா அசீனாவுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. லீவு நெருங்க நெருங்க, பிள்ளைகள் பொழுதெல்லாம் கேம் வீடியோவே கதியென்று கிடப்பதாகப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். எந்தச் சேனலைப் பார்க்க விடலாம், எதை விடக்கூடாது என்று யாராவது பார்த்துப் பட்டியல் போடட்டும் என்றார் ஒருவர். அடுத்த நிமிடமே அசீனா நம்பியின் பெயரைப் போட்டுவிட்டாள்.

"ஏன் தங்கச்சி, என்னைய மாட்டிவிட்ட?"

"குத்தம் கண்டுபிடிக்கதுக்குன்னே சம்பளம் வாங்குத ஆளு அந்த குரூப்புல வேற யாருண்ணே இருக்காவ?"

உள்ளூர நம்பிக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வீட்டில் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. ஜூன் மாதம் த்ருவ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்மைப்படத்தை நம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இது சரியில்லை என்று நிறுத்தியிருந்தார். அன்றிலிருந்து அப்பா எது கேட்டாலும் அவனிடமிருந்து வருவது "ம்" ஒன்றுதான். சாப்பிட்டாயா, ம். பரீட்சை எப்படி, ம். நம்பி அதிகம் பேசாதவர். முதலில் அந்த அமைதி அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது. வீட்டில் தன்னைப் போல ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, பக்கத்து வீட்டு வாசலில் த்ருவ் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டபோதுதான் அந்த அமைதி தனக்காக மட்டும் வைத்திருப்பது என்று புரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு "ம்"மும் அவர் காதில் தனித்தனியாக விழுந்தது.

பட்டியல் விஷயம் தெரிந்ததும் த்ருவ் அவர் முன்னால் வந்து நின்றான்.

"கரடி அண்ணா சேனலையும் பாப்பீகளா?"

"எல்லாத்தையும் பாப்பேன்."

"எம்புட்டு நேரம்?"

"ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிமிஷம். மில்லுலயும் அப்படித்தான், சாம்பிள் பாத்தா போதும்."

"அது நூலு. இது வீடியோ. முழுசா பாக்காம நீங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

ஜூனுக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். இந்த ஒரு தடவை நியாயமாக நடந்துகொள்ளாவிட்டால் இதுவும் நின்றுபோகும் என்று நம்பிக்குத் தோன்றியது.

"சரிலே. முழுசா பாக்கேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

அவருடைய கைப்பேசி கையகலம், அதிலும் பாதி விரிசல். கோதைநாயகியிடம் பெரிய திரையுள்ள ஒரு டேப் இருந்தது. சனி ஞாயிறு மாலைகளில் அவள் த்ருவையும் சேர்த்துத் தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்குப் பாசுரம் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் சொல்வதை டேப்பில் படம்பிடித்து 'கோதை பாசுர வகுப்பு' என்ற சேனலில் போடுவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். வார நாட்களில் டேப் சும்மாதான் கிடக்கும். நம்பி அதை எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். பேச்சே இல்லாமல் வெறும் கத்தல் என்றால் மெலிந்த இடம். அடி, வெட்டு, ரத்தம் என்றால் தடித்த இடம். கெட்ட வார்த்தை என்றால் உருண்டை. நான்கு சேனல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்து நான்கையும் தள்ளினார். ஐந்தாவது, கரடி அண்ணா. முகம் தெரியவில்லை, ஒரு இளைஞனின் குரல் மட்டும். அதுவும் நம் பக்கத்துக் குரல். "ஏலே, செத்த நேரம் பொறுங்கலே, கதவு தொறக்கட்டும்" என்று பேயைப் பார்த்துச் சொல்கிறான். பத்து நிமிடத்தில் நான்கு உருண்டை.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. குறையைக் கண்டால் எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அன்றைக்கே உற்பத்திப் பிரிவுக்குச் சீட்டு போக வேண்டும். நம்பி வீடியோவுக்குக் கீழே சீட்டு எழுதினார்: "3.12இல் 'செத்துத் தொலை' என்கிறீர்கள். குழந்தைகள் பார்க்கிறார்கள். திருத்தவும்."

மறுநாள் வீடியோவில் உருண்டை இரண்டாகக் குறைந்திருந்தது. மில்லில்கூட ஒரு சீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை. நம்பி இன்னொரு சீட்டு போட்டார்.

அந்த விளையாட்டு ஒரு பாழடைந்த பஞ்சாலைக்குள் நடந்தது. சாவிகளைத் தேடி எடுத்துக்கொண்டு பேயிடமிருந்து தப்பி வெளியே வர வேண்டும். கரடி அண்ணா நான்கு வீடியோவாக ஒரே தாழ்வாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். நம்பிக்குப் பொறுக்கவில்லை. "இது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அறை. கழிவுப் பஞ்சு வெளியே போக இதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு கட்டாயம் இருக்கும்" என்று எழுதினார். இருந்தது. அன்றைக்குத் தாளில் கட்டம் போட மறந்துவிட்டார்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, பாசுரம் சொல்லிக்கொண்டிருந்த எட்டு வயது நாராயணி பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், பஞ்சு மில்லுல ரெண்டாவது சாவி எங்க இருக்கு?"

"எந்த மில்லுல?"

"கரடி அண்ணா கேம்ல. நீங்கதான அவருக்கு வழி சொல்லுதீக?"

கோதைநாயகி டேப்பைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் வந்திருந்த வீடியோவில் "நம்ம பாசுர டீச்சருக்கு ஒரு பெரிய கும்பிடு" என்று கரடி அண்ணாவின் குரல் வந்தது. அதற்கு முந்தைய வீடியோக்களின் கீழே 'கோதை பாசுர வகுப்பு' என்ற பெயரில் மொத்தம் நாற்பத்து மூன்று கமெண்ட்.

சரியாக அந்த நேரம் நம்பி பஸ்ஸைவிட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தார். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே த்ருவ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, என் வகுப்புப் பேருலயா இந்த வேலை? பாக்குதவுக என்ன நெனைப்பாக?"

"நான் இல்லம்மா."

"பொறவு யாரு, பெருமாளா வந்து எழுதுனாரு?"

த்ருவ் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பியும் பேசவில்லை. எழுதும்போது அது யார் பெயரில் போகிறது என்று ஒரு நாளும் பார்க்காத குறை இப்போது நாற்பத்து மூன்று வரியாக எதிரே நின்றது. லீவு முழுக்க வீடியோவே கிடையாது என்று சொல்லி, கோதைநாயகி டேப்பை பீரோவில் வைத்துப் பூட்டினாள். நம்பி பையை இறக்கி வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு அவருக்குக் காலை ஷிப்ட். அசீனாவிடம் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டூலில் உட்கார வேண்டியதாயிற்று.

"யண்ணே, மெஷின்ல கோளாறுன்னா நூலையா திட்டுவோம்?"

"தெரியுது தங்கச்சி."

"பய உங்களக் காட்டிக்குடுக்கலையா?"

"இல்ல."

"அப்பம் அவன் பாத்த வீடியோ அவனக் கெடுக்கல. அத மொதல்ல லிஸ்ட்ல எழுதுங்க. உங்களத்தான் கெடுத்துருக்கு."

அன்று மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நம்பி வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். திட்டு விழுந்தது பிள்ளைகள் முன்னால். திருத்தமும் அங்கேயேதான் ஆக வேண்டும் என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தார்.

"அம்புட்டையும் எழுதுனது நான். த்ருவ் இல்ல."

"நீங்களா?" என்றாள் கோதைநாயகி. "'திரும்பிப் பார்க்காதீர்கள், ஓடுங்கள்'னு எழுதுனது நீங்களா?"

"பேய் ரொம்பக் கிட்ட வந்துட்டு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கோதைநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாராயணி மட்டும் விடவில்லை.

"அப்பம் ரெண்டாவது சாவி, மாமா?"

"தராசு மேசைக்கு அடியில இருக்கும்" என்றார் நம்பி, மனைவியைப் பார்க்காமல்.

பிள்ளைகள் போன பிறகு த்ருவ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நேத்தே சொல்லிருக்கலாம்லப்பா?"

"சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"ம்" என்றான் த்ருவ். அந்த "ம்"மில் மெலிந்த இடம் ஒன்றுமில்லை.

அன்றைக்கே பட்டியல் குழுவுக்குப் போனது. கரடி அண்ணா சேனலுக்கு நேரே நம்பி எழுதியது இது: "முழுதாகப் பார்த்தேன். ரத்தம் இல்லை. பேய் உண்டு. கெட்ட வார்த்தை நான்கிலிருந்து பூஜ்யம் ஆகியிருக்கிறது. பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம், ஒரு நாளைக்கு ஒன்று. பெரியவர்கள் கூட இருப்பது நல்லது. பெரியவர்களுக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை."

த்ருவ் இப்போது ஆறாம் வகுப்பு. ஒரு நாளைக்கு ஒரு வீடியோ, அப்பாவோடு சேர்ந்து பார்க்கிறான். நௌஷீனுக்குக் கேம் வீடியோ சலித்துவிட்டது, மீன் வளர்க்கிறாள். கரடி அண்ணா என்பவன் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்த ஜெபக்குமார். படிப்பை முடித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான், வீடியோ போடுவதில்லை. கோதைநாயகி டேப்பின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். வகுப்பின் சேனலை இப்போது ஆயிரத்து நானூறு பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பாசுரம் கேட்கிறார்கள் என்பது தெரியாது. அசீனாவும் நம்பியும் அதே பரிசோதனைக் கூடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.