அரியலூர்க் கடற்கரை

பாடத்திட்டக் குழுக் கூட்டம் பதினோரு மணிக்கு. அதன் தீர்மானங்களோ ஒன்பதரைக்கே டைப் ஆகி, மூன்று நகல் எடுத்து, முதல்வர் மேசைக்குப் போய்விட்டன. கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்த நாள் முதலாக இதுதான் நடைமுறை. கூடிப் பேசி முடிவெடுக்கிற இடங்களில் வேலை தேங்கும். முடிவெடுத்துவிட்டுக் கூடுகிற இடத்தில் வடை ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வளர்மதி இதை அறியாதவள் அல்ல. ஒன்பது வருடமாக அங்கே நிலவியல் நடத்துகிறாள். வருகைப் பதிவு என்று நீட்டப்படும் தாளில் ஒன்பது முறையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தத் தாள் தீர்மானங்களின் கடைசிப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த முறை ஏழாவது பொருள் அவளுடையது: ‘புதைபடிவங்கள்’ பேப்பர் தொடர வேண்டுமா? வாரம் நான்கு மணி நேரம். அது போனால் அவள் கையில் பன்னிரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். பதினாறு இல்லாதவர் உபரி. உபரியானவர் ஜூனில் வர வேண்டியதில்லை. போன வருடம் தாவரவியலில் ஒருவர் உபரியானார். பொன்னாடை போர்த்தி, அவருடைய ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார்கள்.

அதனால் வளர்மதி ஆயத்தமாக வந்திருந்தாள். பக்கத்துக் காரை கிராமத்து ஓடைப் பள்ளங்களில் பொறுக்கிய கல் ஒன்று துணிப்பையில் இருந்தது. நத்தை சுருண்டுகொண்டதைப் போன்ற கல். பேச வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

முதல்வர் இராமலிங்கம் விளைவு சார்ந்த கல்வி பற்றி இருபது நிமிடம் பேசினார். திருச்சியிலிருந்து வந்த வெளிநிபுணர் ராஜவேல் அதை வரவேற்றுப் பத்து நிமிடம் பேசினார். பிறகு கல்லூரிச் சின்னம் சிலபஸ் அட்டையின் இடப்பக்கம் வர வேண்டுமா, வலப்பக்கமா என்று சூடான விவாதம் நடந்தது. கடைசியில் நடுவில் என்று தீர்ந்தது. இடையில் ஒரு தாள் வந்தது. வளர்மதி ஐந்தாவது தடவை மனசுக்குள் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினாள்.

“அடுத்ததா, நன்றியுரை” என்றார் முதல்வர்.

வளர்மதி எழுந்தாள். “சார், ஏழாவது பொருள் இன்னும் வரலிங்களே?”

“ஏழா? அது முடிஞ்சிருச்சேம்மா.”

“எப்ப சார்?”

“நீங்கதானே முன்மொழிஞ்சீங்க?” என்று முதல்வர் ஃபைலைத் திருப்பி நீட்டினார்.

வளர்மதி படித்தாள். புதைபடிவங்கள் பேப்பர் நீக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக ‘கடற்கரைச் சூழலும் மீன்வளமும்’ சேர்க்கப்படுகிறது. முன்மொழிந்தவர்: முனைவர் வளர்மதி. வழிமொழிந்தவர்: முனைவர் மணிமாறன். ஒருமனதாக நிறைவேறியது. கீழே அவள் கையெழுத்து, மை இன்னும் காயாமல்.

பக்கத்தில் வணிகவியல் மணிமாறன் இரண்டாவது வடையில் இருந்தார்.

“சார், நீங்க இதை வழிமொழிஞ்சீங்களா?”

மணிமாறன் எட்டிப் பார்த்தார். “கையெழுத்து என்னுதுதான். அப்ப வழிமொழிஞ்சிருப்பேன்.”

“கடற்கரைன்னு போட்டிருக்கு சார்.”

“நீங்க முன்மொழிஞ்சதுதானே மேடம்? எங்கிட்ட கேட்டா?”

டைப் அடித்த அலுவலகக் கண்காணிப்பாளர் ஜெகதாம்பாளைக் கூப்பிட்டார்கள். “என்னைச் சொல்லாதீங்க சார்” என்று சொல்லிக்கொண்டேதான் அவர் உள்ளே வந்தார். “சிறந்த நடைமுறைன்னு ஏதோ கடலோரக் காலேஜோட ஃபைலை நீங்கதான் கருத்தரங்குலேர்ந்து கொண்டாந்தீங்க. ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் மட்டும் மாத்துன்னீங்க. மாத்துனேன். ஒண்ணு வுடலை.”

உண்மைதான். ஒன்று விடவில்லை. பக்கம் பதினான்கில் ‘அரியலூர்க் கடற்கரையில் களப்பணி’ என்று இருந்தது. ‘அரியலூர் மீனவ மக்களின் வாழ்வியல்’ என்று தனி அலகே இருந்தது.

வெளிநிபுணரின் முகம் வடையை விட்டு நிமிர்ந்தது. அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். போதாததற்கு, ‘மண்ணுக்கேற்ற பாடத்திட்டம்’ என்று பாராட்டுக் குறிப்பு வேறு எழுதியிருந்தார்.

“ரத்து பண்ணிரலாம் சார்” என்றாள் வளர்மதி.

“பண்ணலாம்” என்றார் முதல்வர். “ஆனா பல்கலைக்கழகத்துக்குப் பத்து மணிக்கே மெயில் போயிருச்சு. இப்ப ரத்து பண்ணணும்னா, படிக்காம கையெழுத்துப் போட்டோம்னு ஒரு தீர்மானம் போடணும். யாரு முன்மொழியறீங்க?”

மணிமாறன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப இருக்கட்டும். நாகப்பட்டினம் பக்கம் ஆள் கேட்போம், கடல் பாடம் நடத்த. நாலு மணி நேரந்தானே” என்றார் முதல்வர்.

நாலு மணி நேரந்தான். வளர்மதி தன்னை வீட்டுக்கு அனுப்பத் தானே முன்மொழிந்து, தானே கையெழுத்தும் போட்டிருக்கிறாள். ஐந்து முறை ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் பையைத் துழாவிக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தது.

“என்னம்மா இது?”

“கடல்ல இருந்தது சார். காரையில கெடச்சுது. இங்க கடல் இருந்துச்சு.”

“எப்ப?”

“பத்துக் கோடி வருசம் முன்னாடி.”

முதல்வர் கல்லை முன்னும் பின்னும் திருப்பினார். “இப்ப தண்ணி இருக்கா?”

“இப்ப இல்ல சார்.”

வெளிநிபுணர் சட்டென்று எழுந்து கைதட்டினார். தப்பிக்க வழி கிடைத்தவரின் கைதட்டல் அது. “இதைத்தான் சார் நான் மண்ணுக்கேற்ற பாடத்திட்டம்னு எழுதினேன்!”

“இதுக்காகத்தானே இந்தப் பேப்பரையே கொண்டாந்தோம்!” என்றார் முதல்வர். அவர் சொன்ன உறுதியில் வளர்மதிக்கே ஒரு கணம் அப்படித்தான் போலிருந்தது. பேப்பர் அவளுக்கே என்று முடிவானது. வெளிநிபுணர் ஒரு கிலோ ஜெயங்கொண்டம் முந்திரியோடு திருச்சிக்குக் கிளம்பினார்.

ஜூலையில் அதே புதைபடிவங்களை வளர்மதி கடற்கரை என்ற பெயரில் நடத்தினாள். ஜெயித்தோமா, தோற்றோமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வலை பின்னுதல் என்று ஒரு செய்முறை இருந்தது. அதற்கு இருபது மதிப்பெண்.

ஆகஸ்டில் களப்பணி. கல்லூரி பஸ்ஸின் முன்னால் ‘கடற்கரைக் களப்பணி’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். போட்டோகிராபரோடு முதல்வரும் வந்தார். மாணவர்களில் பாதிப் பேர் துண்டு கொண்டுவந்திருந்தார்கள். காரைச் செம்மண் பள்ளங்களின் விளிம்பில் பஸ் நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெயில்தான். முதல்வர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி, வளர்மதியின் காதருகே கேட்டார்: “எந்தப் பக்கம்மா இறங்கணும்?”

வளர்மதி கையைக் காட்டினாள். எல்லோரும் பள்ளத்தில் இறங்கினார்கள்.

அங்கே ஆண்டாயி என்ற பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சிலபஸில் மீனவ மக்களோடு உரையாடல் இருந்தது. பள்ளத்தில் வேறு மக்கள் யாருமில்லை.

“ஏம்மா, இந்தப் பக்கம் மீனெல்லாம் கெடைக்குதா?” என்றார் முதல்வர்.

ஆண்டாயி அவர் முழங்காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். “குன்னத்துச் சந்தைக்குப் போனீங்கன்னா கெடைக்கும். இங்க வந்து கேட்டா ஆடு என்னாங்கய்யா சொல்லும்?”

“எழுதிக்கங்க, எழுதிக்கங்க” என்றார் முதல்வர், மாணவர்களிடம்.

பஸ்ஸுக்குத் திரும்பியதும் ஒரு தாள் வந்தது. வருகைப் பதிவு. இந்த முறை வளர்மதி முந்தைய பக்கங்களையும் கேட்டு வாங்கினாள். முந்தின நாளே டைப் அடித்தது. களப்பணி இனிதே நிறைவுற்றது, மாணவர்கள் அலைகளில் கால் நனைத்து மகிழ்ந்தனர் என்று இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தாள்.

வாரம் நான்கு மணி நேரம்.

பேனா கேட்டாள். பக்கத்து சீட்டுப் பெண் துண்டை மடித்து வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.